பிளாஸ்க் வைத்த நாற்காலி

தாவீதின் சட்டைப் பையில் உள்ளங்கை அளவு நோட்டு ஒன்று எப்போதும் இருக்கும். அட்டையெல்லாம் எண்ணெய்க் கறை. ஏதோ பெரிய ரகசியம் எழுதி வைத்திருக்கிறார் என்று யாராவது பிடுங்கிப் பார்த்தால் ஏமாந்துதான் போவார்கள். யார் என்ன குடிப்பார்கள் என்பதுதான் அதில் இருக்கும். இஞ்சி டீ, சர்க்கரை வேண்டாம். கறுப்பு டீ, எலுமிச்சை அரை மூடி. திக்கான காபி, சர்க்கரை தனியாக. வெறும் வெந்நீர். பச்சை டீ, பை மூன்று நிமிடம் ஊறணும். பால் மட்டும், ஏலக்காய் போட்டு. ஆறு வரி, ஆறு பேர். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இருக்கும் இரும்புக் கம்பெனியின் டைரக்டர்கள் இவர்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூடுவார்கள். ஒன்பது வருடமாக ஒரு தடவைகூட தாவீது அவர்களிடம் “உங்களுக்கு இன்னா சார்?” என்று கேட்டதில்லை. அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வமே உண்டு.

அதற்கு முன்னால் அவர் அதே கம்பெனியில் பழுத்த இரும்பை உருட்டிக் கம்பியாக்கும் மிஷினில் வேலை பார்த்தவர். அப்பா ஆரம்பாக்கத்துப் பக்கம் அடுத்தவர் கழனியில் நாற்று நட்டவர். அந்தக் கழனியில் பாதி கம்பெனி காம்பவுண்டுக்குள் போனது, மகன் அதே காம்பவுண்டுக்குள் வேலைக்குப் போனார். சிவக்கச் சிவக்க வந்த கம்பி ஒன்று தடம் மாறி இடது பாதத்தில் ஏறியதிலிருந்து மிஷின் பக்கம் நிற்க முடியவில்லை. கேட்டரிங் எடுத்திருந்த குப்புராஜ், “தாவீது, டீ ஊத்தறதுக்கு ஓட வேணாம், நடந்தா போதும், வர்றியா?” என்று கேட்டார். அப்படி வந்ததுதான் இந்த வேலை. கால் கொஞ்சம் சாய்ந்து நடந்தாலும் தட்டில் ஒரு சொட்டு சிந்தாது.

டீ ஊற்றுவது மட்டும் இல்லை. கூட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே போய் மேஜை துடைத்து, தண்ணீர் பாட்டில் வைத்து, பெயர்ப் பலகைகளை வரிசைப்படி அடுக்க வேண்டும். கூட்டம் முடிந்ததும் வருகைத் தாளில் கடைசியாக ஒரு கையெழுத்தும் போட வேண்டும். அது குப்புராஜின் ஏற்பாடு. ஆளை அனுப்பினேன், ஆள் வரவில்லை என்ற தகராறு ஒருமுறை வந்துவிட்டது. அன்றிலிருந்து, “எங்க போனாலும் அங்க சுத்துற தாள்ல உன் கையெழுத்து இருக்கணும். நாளைக்கு எவனும் நீ வரலன்னு சொல்லக் கூடாது” என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். டைரக்டர்கள் கிறுக்கிய ஆறு கையெழுத்துக்குக் கீழே ‘டி. தாவீது’ என்று நிதானமாக, ஒவ்வொரு எழுத்தும் தெரிகிற மாதிரி எழுதுவார். ஐந்தாவது வரைதான் படித்தவர் என்றாலும் கையெழுத்து அவருடையதுதான் அழகாக இருக்கும்.

ஆறு பேரில் அவருக்குப் பிடித்தவர் இஞ்சி டீக்காரர். பெயர் சந்திரமோகன். பெரிய மனிதர், வெள்ளைச் சட்டை, மெல்லிய குரல். மற்ற ஐந்து பேர் தாவீதை நிமிர்ந்து பார்த்ததே இல்லை. இவர் மட்டும், “கால் எப்படி இருக்கு தாவீது?” என்று கேட்டுவிட்டுத்தான் கோப்பையைத் தொடுவார். தாவீதின் மனைவி ரோசம்மாளுக்கு மூச்சு முட்டியபோது தன் காரையே கொடுத்துச் சென்னை பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். ரோசம்மாள் பிழைக்கவில்லை. ஆனாலும் ஏசி காரில் கால் நீட்டிப் படுத்துக்கொண்டு போனாள். அந்த நன்றி தாவீதுக்கு நெஞ்சிலேயே இருந்தது.

ரோசம்மாளை அடக்கம் செய்தது காலனிக்கு வடக்கே உள்ள சபைக் கல்லறையில். அரை ஏக்கர் இருக்கும். சுற்றிலும் பனைமரம். அறுபது வருடமாகக் காலனியில் செத்தவர்கள் எல்லோரும் அங்கேதான் கிடக்கிறார்கள். பட்டா கிடையாது, புறம்போக்கு. உயிரோடு இருக்கிறவனுக்கே பட்டா இல்லாத காலனியில் செத்தவனுக்கு யார் வாங்கி வைப்பார்கள்? தெற்கு ஓரத்தில் ரோசம்மாளின் சிலுவை. பக்கத்தில் ஆறடி இடத்தைத் தனக்கென்று சொல்லி வைத்து, செங்கல் நாலு நட்டிருந்தார் தாவீது. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் நேரே அங்கேதான் போவார். புல் பிடுங்குவார். வாரத்தில் நடந்ததை எல்லாம் வாய்விட்டுச் சொல்லுவார். யாராவது பார்த்தால் புல்லைத் திட்டுகிற மாதிரி நடிப்பார்.

போன ஆனி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை போனபோது ரோசம்மாளின் சிலுவைக்கும் அந்த நாலு செங்கல்லுக்கும் நடுவில் மஞ்சள் பெயின்ட் அடித்த கல் ஒன்று நட்டிருந்தது. இருபது அடி தள்ளி இன்னொன்று. அப்புறம் இன்னொன்று. சர்வே கல். விசாரித்ததில் காலனிப் பையன்கள் சொன்னார்கள். பக்கத்தில் புதிதாக வந்திருக்கும் பேட்டரி கம்பெனிக்கு ஹைவேயிலிருந்து நேராக ரோடு வருகிறதாம். ரோடு கல்லறையின் குறுக்கே போகிறதாம்.

தாவீதுக்குக் கோபம் வந்தது. ஆனால் பயம் அவ்வளவாக வரவில்லை. ஏனென்றால் அவரிடம் ஒரு கணக்கு இருந்தது. இரும்புக் கம்பெனிக்கும் பேட்டரி கம்பெனிக்கும் ஆகாது என்பது ஊருக்கே தெரியும். வாய்க்காலில் கறுப்புத் தண்ணீர் வந்தபோது இவன் அவனைச் சொன்னான், அவன் இவனைச் சொன்னான். பேப்பரில்கூட வந்தது. பேட்டரிக்காரன் ரோடு போடப் போகிறான் என்றால் இரும்புக்காரர் சும்மா விடுவாரா? அதுவும் சந்திரமோகன் ஐயா மாதிரி ஒருத்தர் இருக்கும்போது?

அடுத்த கூட்டத்தில், மற்றவர்கள் கைகழுவப் போன நேரம் பார்த்து, இஞ்சி டீயை வைத்துவிட்டு நகராமல் நின்றார்.

“என்னப்பா?” என்றார் சந்திரமோகன்.

“சார், எங்க கல்லறைக்கு நடுவுல ரோடு போடறதுக்குக் கல்லு நட்டுகினு போயிருக்காங்க. பேட்டரி கம்பெனிக்காரங்க. என் சம்சாரம் அங்கதான் சார் கீது. நீங்க கார் குடுத்து அனுப்பினீங்களே, அவதான்.”

சந்திரமோகன் கோப்பையைக் கீழே வைத்தார். முகத்தில் உண்மையாகவே வருத்தம் தெரிந்தது. அதைப் பொய் என்று தாவீது இன்றுவரை சொன்னதில்லை. “அடடா. அது அந்தக் கம்பெனி விஷயமாச்சே தாவீது. இங்கேர்ந்து நாங்க என்ன செய்ய முடியும்? அவங்க போர்டுதான் முடிவு பண்ணணும். நீ அவங்ககிட்ட சொல்லிப் பாரு.”

சொல்லிப் பார்க்கலாம்தான். ஆனால் அந்தக் கம்பெனிக்குள் நுழைவது எப்படி என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, ஒரு மாதத்தில் வழி தானாகவே திறந்தது. குப்புராஜுக்குப் பேட்டரி கம்பெனி கேட்டரிங்கும் கிடைத்தது. “இன்னாமோ தெரியல தாவீது, யாரோ நம்ம பேரைச் சொல்லியிருக்காங்க” என்று குப்புராஜ் வாயெல்லாம் பல்லாகச் சொன்னார். கர்த்தர்தான் அனுப்புகிறார் என்று தாவீது நினைத்தார். புதிய இடம், புதிய ஆட்கள், யாருக்கு என்ன வேண்டுமோ என்று நோட்டில் புதுப் பக்கம் திறந்து, மேலே ‘பேட்டரி’ என்று எழுதி, வரிசை எண் போட்டு வைத்துக்கொண்டு போனார்.

பெயர்ப் பலகைகள் அங்கே ஆங்கிலத்தில் இருந்தன. உத்தேசமாக அடுக்கினார். கதவு திறந்தது. முதலில் உள்ளே வந்தவர் சந்திரமோகன்.

தாவீது தட்டோடு அப்படியே நின்றுவிட்டார். வழி தவறி வந்துவிட்டாரோ ஐயா என்று ஒரு நொடி நினைத்தார். அடுத்து எலுமிச்சை வந்தார். அப்புறம் வெந்நீர். அப்புறம் ஏலக்காய்ப் பால். புதிதாக இரண்டு பேர் மட்டும்தான். புதுப் பக்கத்தில் எழுத வேண்டியது இரண்டே வரி. மற்ற நாலுக்கும் பேனாவே தேவைப்படவில்லை.

இவர்களுக்குள் சண்டை என்றார்களே? சண்டைக்காரன் வீட்டிலும் இவர்களேவா உட்கார்ந்திருக்கிறார்கள்? அப்படியென்றால் வாய்க்கால் தகராறில் இரும்புக் கம்பெனி அனுப்பிய கண்டனக் கடிதத்தை இங்கே வாங்கிப் படித்தது யார்? தாவீதுக்கு ஒன்றும் விளங்கவில்லை. விளங்காவிட்டாலும் கல்லறை நினைவு விடவில்லை. இடைவேளையில் இஞ்சி டீ வைக்கும்போது மறுபடியும் சொன்னார். போன மாதம் சொன்னதை, அதே வார்த்தைகளில்.

ஆச்சரியம் என்னவென்றால் சந்திரமோகன் முதல் தடவை கேட்கிற மாதிரியே கேட்டார். அதே வருத்தம். அதே அடடா. “நான் இங்கே சும்மா ஆலோசனை சொல்ற டைரக்டர்தான் தாவீது. இந்தக் கம்பெனி ரோடு போடாது. உற்பத்தியாளர் சங்கம் கேட்டுக்கிட்டா அரசாங்கம் போடும். சங்கத்துல சொன்னா நல்லது.”

அந்த மாதக் கடைசியிலேயே சங்கத்துக் கூட்டம். ஹைவே ஓரத்துக் கட்டிடம். அதற்கும் குப்புராஜ்தான் கேட்டரிங். இந்த முறை தாவீது நோட்டில் புதுப் பக்கம் திறக்கவில்லை. உஷாராகத்தான் போனார். துணைத் தலைவர் நாற்காலியில் இஞ்சி டீ. பொருளாளர் நாற்காலியில் திக்கான காபி. செயலாளர் பச்சை டீ, பை மூன்று நிமிடம்.

அன்று அவர் பார்த்ததை யாரிடம் சொன்னாலும் நம்ப மாட்டார்கள். சந்திரமோகன் ஒரு உறையைப் பிரித்து, “பேட்டரி கம்பெனியிலிருந்து சங்கத்துக்குக் கடிதம் வந்திருக்கிறது” என்று வாசித்தார். இணைப்புச் சாலை வேண்டுமாம். வாசித்து முடித்து, “நியாயமான கோரிக்கை” என்றார். அந்தக் கடிதத்தை அனுப்பலாம் என்று பேட்டரி கம்பெனியில் தீர்மானித்தபோது தாவீது அதே ஆளுக்கு இரண்டாவது கோப்பை ஊற்றிக்கொண்டிருந்தார். இவர் எழுதி, இவரே வாங்கி, இவரே ஆச்சரியப்படுகிறார். அடுத்து இரும்புக் கம்பெனியிலிருந்தும் அதே சாலை வேண்டும் என்று ஒரு கடிதம். அதையும் வாசித்தார். பகைக் கம்பெனிகூட ஒத்துப்போகிறதே என்று யாரோ பாராட்டினார்கள்.

மூன்றாவது தடவையாகத் தாவீது சொன்னார். “சார், அந்தக் கல்லறை…”

“புரியுது தாவீது. ஆனா சங்கம் வெறும் பரிந்துரைதான் பண்ணும். முடிவு பண்றது எம்.எல்.ஏ. தலைமையில இருக்கற வட்டார வளர்ச்சிக் குழு. அங்கே கிராமப் பிரதிநிதியும் உண்டு. மக்கள் விருப்பத்துக்கு மாறா எதுவும் நடக்காது. நீ கவலைப்படாதே.”

தாவீது கவலைப்படாமல் இருக்கத்தான் முயற்சி செய்தார். அந்தக் குழு ஏற்கெனவே இரண்டு தடவை கூடியிருந்தது. இரண்டு தடவையும் குப்புராஜ் அனுப்பி அவர்தான் போய் டீ ஊற்றியிருந்தார். நீள மேஜை. நடுவில் எம்.எல்.ஏ. இரண்டு பக்கமும் இஞ்சி, எலுமிச்சை, காபி, வெந்நீர், பச்சை, ஏலக்காய் என்று ஆறு பேரும், இந்த முறை ‘சமூக ஆர்வலர்’, ‘கல்வியாளர்’, ‘தொழில் முனைவோர்’ என்று வேறு வேறு பலகைகளுக்குப் பின்னால். கடைசியில் ‘கிராமப் பிரதிநிதி’ என்று ஒரு பலகை. அந்த நாற்காலியில் யாரும் வந்து உட்கார்ந்ததே இல்லை. எந்தக் கிராமமோ, யார் பிரதிநிதியோ, வேலை இருந்திருக்கும் என்று நினைத்துத் தாவீது தன் பெரிய பிளாஸ்க்கை அந்த நாற்காலியில்தான் வைப்பார். மேஜைக்குப் பக்கம், ஊற்ற வசதி.

மூன்றாவது கூட்டத்தில் சங்கத்தின் பரிந்துரை வந்தது. இரும்பு, பேட்டரி, சங்கம், இன்னும் ஏதோ ஒரு அறக்கட்டளை, ஒரு கல்லூரி நிர்வாகம், எல்லோரும் கேட்கிறார்கள் என்று அடுக்கினார்கள். எம்.எல்.ஏ. பாவம், கெட்டவராகத் தெரியவில்லை. களைத்துப்போன முகம். “இத்தனை அமைப்பும் ஒரே மாதிரி கேக்கும்போது நான் எப்படிங்க வேணாம்னு சொல்றது? மக்கள் தரப்புல ஏதாவது ஆட்சேபணை இருக்கா?” என்று மேஜையின் கடைசிப் பக்கம் பார்த்தார். அங்கே பிளாஸ்க் இருந்தது. ஆட்சேபணை இல்லை என்று எழுதிக்கொண்டார்கள்.

தாவீதுக்கு அந்த இடத்தில் வாயைத் திறக்க வேண்டும் போலத்தான் இருந்தது. ஆனால் டீ ஊற்றுகிறவன் கூட்டத்தில் பேசலாமா? ஒன்பது வருடத்தில் அப்படி ஒரு வழக்கம் இல்லை. பிரதிநிதி என்று யாரோ இருக்கிறானே, வராமல் கெடுக்கிறானே, யார் பெற்ற பிள்ளையோ என்று அந்த ஆளை மனதுக்குள் நன்றாகத் திட்டினார். பிறகு எல்லோரும் போனபின் வருகைத் தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார்.

தாவீதின் மகள் ஷைனி பொன்னேரியில் ஒரு வக்கீல் ஆபீசில் டைப் அடிக்கிறாள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் எழுதிப்போட்டு, அந்தக் குழுவின் காகிதங்களை எல்லாம் வரவழைத்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து சபைக்கு வெளியே எல்லோரும் கூடி நின்றார்கள். சபைக் கணக்கைப் பார்த்துக்கொள்ளும் ஸ்டீவன் பிளாஸ்டிக் நாற்காலி கொண்டுவந்து போட்டான். ஷைனி வாசிக்க ஆரம்பித்தாள். அவள் வாசிக்க வாசிக்கத் தாவீது ஒவ்வொரு பெயருக்கும் ஒரு டீ சொல்லிக்கொண்டே வந்தார். ஜனங்கள் சிரித்தார்கள்.

“இன்னா நைனா, எல்லாத்துலயும் இதே ஆளுங்கதான வர்றாங்க? நாலு காயிதம், ஒரே பேரு.”

“அதத்தான் நானும் சொல்லிகினு இருக்கேன். நோட்டப் பாரு. ஒரு பக்கத்தைப் பார்த்து இன்னொண்ணு எழுதின மாரி கீது.”

“கடைசில ஊர்க்காரங்க சம்மதம்னு போட்டுக்கீது. மூணு கூட்டத்துலயும் கிராமப் பிரதிநிதி வந்தாருன்னு கையெழுத்து கீது.”

“வந்தானா? எவன் வந்தான்? நான் அங்கதான நின்னுகினு இருந்தேன்! படி அவன் பேர.”

ஷைனி தாளைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள். மறுபடி தாளைப் பார்த்தாள். வாசிக்கவில்லை. ஸ்டீவன் எட்டிப் பார்த்து உரக்கவே வாசித்துவிட்டான்: “டி. தாவீது.”

சிரித்துக்கொண்டிருந்தவர்கள் தாளைப் பார்க்க நெருங்கி வந்தார்கள். தாளைத் தாவீது வாங்கிப் பார்த்தார். ஆறு கிறுக்கலுக்குக் கீழே, நிதானமாக, ஒவ்வொரு எழுத்தும் தெரிகிற மாதிரி அவருடைய கையெழுத்து. பக்கத்தில் டைப் அடித்த எழுத்தில் ‘கிராமப் பிரதிநிதி’.

“இன்னா மாமா இது?” என்றான் ஸ்டீவன். “அத்தைய பொதச்ச எடத்த நீயே எழுதிக் குடுத்துட்டு, இங்க வந்து டீக் கணக்கு சொல்லிகினு கீறியா?”

“டேய், நான் டீ ஊத்தப் போனன்டா. குப்புராஜ் போடச் சொன்னாரு, போட்டேன்.”

“ஒம்பது வருசமா அவங்களோடவே கெடக்கிற. எங்களுக்கு இன்னா தெரியும்?”

யாரோ ஒரு அம்மா மண்ணை வாரித் தூற்றுகிற மாதிரி கையை உதறிவிட்டு நடந்தாள். ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். அன்று தாவீது ரோசம்மாளிடம் போகவில்லை. என்ன சொல்வது அவளிடம்? ஐம்பத்தாறு வயதில் முதல் தடவையாக அவருக்குத் தன் கையெழுத்தைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது.

மறுநாள் குப்புராஜைப் போய்ப் பிடித்தார். குப்புராஜ் உண்மையாகவே குழம்பினார். “அட, அதுவா? தாள்ல உன் பேரைப் பார்த்துட்டு இது யாருன்னு அந்தக் குழு ஆபீசுல கேட்டாங்க. பக்கத்துல சந்திரமோகன் ஐயா இருந்தாரு. நம்ம தாவீது அந்த ஊர்க்காரர்தானே, பிரதிநிதி இடம் காலியாத்தானே இருக்கு, அவர் பேரையே போட்டுக்குங்கன்னாரு. உனுக்கு மரியாதைதானேன்னு நானும் வுட்டுட்டேன். பேஜாரா பூட்ச்சா?”

தாவீது யோசித்துக்கொண்டே வீட்டுக்கு நடந்தார். ஐயா இதைக் கெட்ட எண்ணத்தில் செய்தாரா, நல்ல எண்ணத்தில் செய்தாரா? கெட்ட எண்ணம் என்றால் அந்தக் காரும், கால் எப்படி இருக்கு என்று கேட்பதும் என்ன? நல்ல எண்ணம் என்றால் கல்லறை எங்கே போகிறது? மூன்று இடத்தில் மூன்று முறை சொன்னேனே, எந்த இடத்திலும் அவர் கேட்கவே இல்லையா, அல்லது மூன்று பேராகக் கேட்டாரா? ஒரு ஆளே நாலு நாற்காலியில் உட்கார்ந்தால் யாரிடம் யாரைப் பற்றிப் புகார் சொல்வது? ராத்திரி பகலாக யோசித்தும் பிடிபடவில்லை.

“நைனா, புதன்கிழம கடைசிக் கூட்டம்” என்றாள் ஷைனி. அவள் ஒருத்திதான் அந்த வாரம் அவரோடு பேசினாள். “கோட்டத்துலேர்ந்து அதிகாரி வர்றாங்க. நர்மதான்னு பேரு. ஊர்ச் சம்மதத்த நேர்ல கேட்டுட்டுத்தான் கல்லற எடத்த ரோட்டுக்குன்னு மாத்திக் குடுப்பாங்க. நீ சம்மதம் குடுத்தன்னு எழுதிக்கினது பொய்யின்னு மனு போடலாம்.”

“மனு யார்கிட்ட போவும்?”

ஷைனி கொஞ்சம் யோசித்தாள். “மொதல்ல குழுவுக்குத்தான் போவும்.”

தாவீது சிரித்துவிட்டார். அந்த வாரத்தில் அவர் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

புதன்கிழமை காலையில் வழக்கம்போல ஒரு மணி நேரம் முன்பே போனார். மேஜை துடைத்தார். தண்ணீர் வைத்தார். பலகைகளை அடுக்கினார். இஞ்சி தட்டி டீ போட்டார், எலுமிச்சை அறுத்தார், பால் காய்ச்சி ஏலக்காய் போட்டார். ஒன்றும் குறை வைக்கவில்லை. பிளாஸ்க்கை எடுத்து வந்து அந்த நாற்காலியில் வைத்தார். வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு பிளாஸ்க்கை எடுத்துத் தரையில் வைத்தார்.

எல்லோரும் வந்தார்கள். எம்.எல்.ஏ. வந்தார். அதிகாரி நர்மதா வந்தார். சின்ன வயது, கையில் கட்டுக் காகிதம். எல்லோரும் உட்கார்ந்த பிறகு தாவீதும் போய் ‘கிராமப் பிரதிநிதி’ பலகைக்குப் பின்னால் உட்கார்ந்தார். நாற்காலி நல்ல மெத்தையாக இருந்தது. உட்கார்ந்த பிறகு கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. ஒன்பது வருடமாக அந்தக் கையில் தட்டு இருந்தது.

வெந்நீர் ஐயா முதலில் கவனித்தார். “தாவீது, டீ வரலியா?”

“நான் உறுப்பினர் சார்” என்றார் தாவீது. குரல் வெளியே வந்ததே அவருக்கு ஆச்சரியம்.

யாரோ சிரித்தார்கள். நர்மதா சிரிக்கவில்லை. கட்டைப் புரட்டிப் பார்த்தார். “டி. தாவீது நீங்கதானா? மூணு கூட்டத்துக்கும் வந்திருக்கீங்க. ரோடுக்கு ஊர் சம்மதம்னு இருக்கு. நீங்க வாயால சொல்லணும். சம்மதமா?”

“இல்லம்மா. அங்க எங்க ஜனங்க பொதச்சிருக்காங்க. என் சம்சாரம் கீது. பக்கத்துல எனுக்கும் எடம் வச்சிருக்கேன். என்ன யாரும் கேக்கல. நான் டீ ஊத்த வந்தேன். தாள நீட்டுனாங்க, கையெழுத்துப் போட்டேன். மூணு தடவையும் அதான் நடந்துச்சு.”

எம்.எல்.ஏ. நிமிர்ந்து உட்கார்ந்தார். முதலில் தாவீதைப் பார்த்தார். பிறகு இரண்டு பக்கமும் இருந்த ஆறு பேரையும் ஒவ்வொருவராகப் பார்த்தார், அவர்களை இப்போதுதான் எண்ணிப் பார்க்கிறவர் மாதிரி.

சந்திரமோகனின் முகத்தில் அதே பழைய வருத்தம் வந்தது. மெல்லிய குரலில், யாரையும் புண்படுத்தாமல், “தாவீது, இவ்வளவு கஷ்டம் இருந்தா முன்னாடியே என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?” என்றார்.

தாவீது அவரையே பார்த்தார். கோபம் வரவில்லை, அழுகைதான் வந்தது.

“சொன்னேன் சார். இரும்புக் கம்பெனில சொன்னேன். பேட்டரி கம்பெனில சொன்னேன். சங்கத்துல சொன்னேன். மூணு எடத்துலயும் நீங்கதான் சார் இருந்தீங்க.”

மேஜையில் ஆறு வெற்றுக் கோப்பைகள் கவிழ்ந்தே இருந்தன. நர்மதா ஏதோ எழுதினார். சம்மதம் இல்லாததால் முடிவைத் தள்ளி வைப்பதாகவும், நிலத்தைத் தானே வந்து பார்ப்பதாகவும், அடுத்த கூட்டத்தில் மறுபடி எடுத்துக்கொள்வதாகவும் சொன்னார். அது ஜெயித்ததா, இல்லையா? தாவீதுக்குத் தெரியவில்லை. வாசல் பக்கம் குப்புராஜ் நெற்றியில் கை வைத்துக்கொண்டு நின்றது மட்டும் தெரிந்தது. அடுத்த கூட்டத்துக்குத் தன்னை உள்ளே விடுவார்களா என்பதும் தெரியவில்லை.

வருகைத் தாள் சுற்றி வந்தது. இஞ்சி, எலுமிச்சை, காபி என்று கிறுக்கிக் கிறுக்கிக் கடைசியில் தாவீதிடம் வந்து நின்றது. பேனாவைப் பிடித்தவர் அப்படியே இருந்துவிட்டார். போட்டால் மறுபடியும் சம்மதம் என்று ஆக்கிவிடுவார்களோ? போடாவிட்டால் அவன் வரவே இல்லை, ஒன்றும் சொல்லவே இல்லை என்று ஆகிவிடுமோ?

“அம்மா, இதுல போடலாமா, கூடாதா?” என்று நர்மதாவிடம் கேட்டார்.

நர்மதா தாளைப் பார்த்தார். அந்தத் தாளில் பெயருக்கும் கையெழுத்துக்கும்தான் கட்டம் இருந்தது. “எனக்கும் தெரியலீங்க” என்றார் அந்தப் பெண், உண்மையாகவே.

தாவீது சட்டைப் பையிலிருந்து எண்ணெய்க் கறை நோட்டை எடுத்து, தாளுக்கு அடியில் முட்டுக் கொடுத்து வைத்துக்கொண்டார். டி. தாவீது என்று எழுதினார். பிறகு கட்டத்தைத் தாண்டி, ஓரத்து வெற்றிடத்தில், நிதானமாக, ஒவ்வொரு எழுத்தும் தெரிகிற மாதிரி எழுதினார்: ‘வந்தேன். சம்மதம் இல்லை. இன்று டீ ஊற்றவில்லை.’